தையல்காரம்மாவின் டெலிபோன்

என் வீட்டுக்காரர் ஒரு சந்தேகப் பிராணி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. முப்பது வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவள் என்ற முறையில் ஒரு தகவலாகச் சொல்கிறேன். கடையில் தராசு முள்ளைப் பார்ப்பதற்கு முன்னால் தராசு நிற்கிற மேசையின் காலைக் குனிந்து பார்ப்பார். டாக்டர் நாடி பிடித்தால் இவர் டாக்டரின் கைக்கடிகாரம் ஓடுகிறதா என்று எட்டிப் பார்ப்பார். கல்யாணம் நிச்சயமான பிறகு என் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க தங்கச்சிக்கு நிஜமாவே இதுதான் வயசா?" என்று கேட்ட மனுஷன். அண்ணன் அன்றைக்கே அந்தச் சம்பந்தத்தை விட்டிருக்கலாம். விடவில்லை.

டெலிபோன் கம்பெனியில் லைன்மேன் வேலை. இருபத்தைந்து வருஷம் கம்பம் ஏறினார். முட்டி தேய்ந்ததும் புகார்ப் பிரிவில் உட்கார வைத்துவிட்டார்கள். அங்கிருந்தபடியே லைனைச் சோதிப்பார், ஒரே ஆள் திரும்பத் திரும்பப் புகார் கொடுத்தால் நேரில் போய்ப் பார்ப்பார். இவர் சந்தேகத்துக்கு அந்த வேலைதான் தீனி போட்டு வளர்த்தது. "பழுதுன்னு ஒண்ணு இருந்தா, எங்கயோ ஒருத்தன் பொய் சொல்றான்னு அர்த்தம்" என்பார். டெலிபோனைத் தொடவே இல்லை என்று சத்தியம் செய்கிற வீட்டில் நாய் கடித்த ஒயர் கிடக்குமாம். கீழே விழவே இல்லை என்பார்களாம், உள்ளே மணி உடைந்திருக்குமாம். இப்படி ஆயிரம் வீடு பார்த்தவர்.

விடுமுறை வந்தால் மற்றவர்கள் பிள்ளைகளை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப் போவார்கள். இவர் எங்கள் மகளைப் பேய் வீட்டுக்குக் கூட்டிப் போவார். நெடுஞ்சாலை ஓரங்களில் இருக்குமே, தகரப் பலகையில் மண்டையோடு வரைந்து, 'அதிசயம் உள்ளே' என்று அம்புக்குறி போட்ட இடங்கள். அது ஒன்றைக்கூட இவர் விட்டதில்லை. தண்ணீர் மேட்டை நோக்கி ஓடுகிற வீட்டுக்கு ரசமட்டம் எடுத்துக்கொண்டு போனார். வீடுதான் சாய்வு, தண்ணீர் ஒழுங்காகப் பள்ளத்துக்குத்தான் ஓடுகிறது என்று வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் காட்டினார். கேள்வி கேட்டால் பதில் சொல்கிற கிணற்றில் குனிந்து, "உள்ள இருக்கறவரே, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். "இன்னும் இல்லீங்க" என்று பதில் வந்தது. அந்த இடத்தில் எங்களைத் துரத்தியே விட்டார்கள். எட்டு வயசு மகள் டார்ச் பிடித்துக்கொண்டு இவர் பின்னாலேயே ஓடிவந்தது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

திரும்பி வரும்போது காரில் அந்தத் தந்திரத்தை இரண்டு தடவை விளக்குவார். ஒரு தடவை எனக்கு, ஒரு தடவை மகளுக்கு. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தடவையில் விளங்காதாம். நான் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துத் தூங்குவது போல் நடிப்பேன். அதையும் சந்தேகப்பட்டு என் காலை மிதித்துப் பார்ப்பார்.

உலகத்தில் இவர் சந்தேகப்படாத ஒரே ஆள் மகள்தான். அவள் சொன்னால் சரி. அந்த மகள், இருபத்தேழு வயசில், ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒருநாள் வேலை முடிந்து வந்து, பையைக்கூட இறக்கி வைக்காமல் சொன்னாள்.

"அப்பா, நான் ஒருத்தரக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். பெட்ரோல் பங்க்குக்குப் பக்கத்துல அந்த மியூசியம் வெச்சிருக்காரே, அவர."

"எந்த மியூசியம்?"

"விசித்திரப் பொருள் காட்சியகம்."

இவர் கையிலிருந்த தேநீர் சட்டையில் கொட்டியது. "அங்க ஒண்ணும் இல்லப்பா, வெறும் பழைய சாமான் கடைன்னு நீதானே சொன்னே? அதனாலதானே நான் போகல?"

"நீங்க அங்க வந்துடக் கூடாதுன்னுதான் சொன்னேன்" என்றாள் மகள். அவளுக்கு அப்போது முகம் சிவந்திருந்தது. மூன்று வருஷமாக அந்தப் பக்கம் அப்பாவை வரவிடாமல் காவல் காத்திருக்கிறாள். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. இவர் என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பை முழுங்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார். "நான் போய்ப் பாக்கறேன். அங்க ஒரே ஒரு பித்தலாட்டம் இருந்தாலும் இந்தக் கல்யாணம் கிடையாது. ஃப்ராடு வீட்டுக்கு என் பொண்ணத் தர மாட்டேன். இல்லன்னா நானே முன்னால நின்னு நடத்தி வெக்கறேன்."

"சரி" என்றாள் மகள் உடனே. "ஆனா என்ன கண்டுபிடிச்சாலும் எல்லார் முன்னாடியும் சொல்லணும். நல்லதோ கெட்டதோ."

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்றார் இவர். அன்றிலிருந்து அந்தப் பையனுக்கு எங்கள் வீட்டில் 'பித்தலாட்டம்' என்றே பெயர். பித்தலாட்டம் என்ன படிச்சிருக்கு, பித்தலாட்டத்துக்கு அம்மா அப்பா இருக்காங்களா என்றுதான் விசாரணை நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பேரும் போனோம். அது முன்பு ஒரு வீடாக இருந்து, முன்சுவரை இடித்துக் கண்ணாடி வைத்த கட்டடம். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் திறப்பார்களாம். முன்னறையில் சாவிக்கொத்து, ராசிக்கல், ரப்பர் பாம்பு விற்கிற கடை. உள்ளே இரண்டு அறைகளில் காட்சிப் பொருள்கள். பையன் முப்பது வயசிருப்பான். வெளுத்த சட்டை, மை படிந்த விரல்கள், பேச ஆரம்பித்தால் தரையைப் பார்க்கிற கூச்சம். எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு பொருளுக்கும் கீழே அவன் கையெழுத்தில் ஓர் அட்டை இருந்தது. இரண்டு தலைக் கன்றுக்குட்டிக்குக் கீழே, 'தைத்தது. கழுத்தடியில் இருபத்திரண்டு தையல்கள், எண்ணிப் பார்க்கலாம்.' கடல்கன்னியின் உடலுக்குக் கீழே, 'மேலே குரங்கு, கீழே மீன்.' முடி வளரும் பொம்மைக்குக் கீழே, 'முடி வளரவில்லை. ரப்பர் தலை சுருங்குகிறது.' உட்கார்ந்தால் சாவு வரும் நாற்காலிக்குக் கீழே, 'இதில் உட்கார்ந்த நால்வர் இறந்தார்கள். உட்காராதவர்களும் இறந்திருக்கிறார்கள்.' நான் வாய்விட்டுச் சிரித்தேன். இவருக்கு எரிச்சல் தலைக்கேறியது. கண்டுபிடிக்க வந்ததையெல்லாம் அவனே எழுதி வைத்திருந்தால் இவருக்கு என்ன வேலை?

"நாலு பொய்ய ஒத்துக்கறவன், அஞ்சாவத விக்கறதுக்குத்தான் ஒத்துக்கறான்" என்று என் காதில் சொன்னார். "அந்த அஞ்சாவது எங்க இருக்குன்னு பாரு."

அது உள்ளறைச் சுவரில் இருந்தது. கறுப்பு நிறத்தில் பழைய சுவர் டெலிபோன். அட்டையில் இப்படி எழுதியிருந்தது: 'இந்த வீட்டில் வாழ்ந்த தையல்காரம்மாவுடையது. அவர் இறந்து பதினொரு வருஷம். இணைப்பு அப்போதே துண்டிக்கப்பட்டது. சில ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இதன் மணி முனகும். எடுத்தால் ஒரு பெண்ணின் குரல் கேட்கும். காரணம் தெரியவில்லை.'

வேறு எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. போயும் போயும் ஒரு டெலிபோன். இவருக்கு அது தன்னிடமே வம்புக்கு வந்தது போல் இருந்தது. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். சத்தமே இல்லை, டயல் டோன்கூட இல்லை. டெலிபோனைத் தட்டினார், முகர்ந்தார், சுவரில் காதை வைத்தார். ஸ்பீக்கருக்காக அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிச் சிலந்திக்கூட்டோடு எடுத்தார்.

"கம்பெனிக்கு ரெண்டு தடவ எழுதிக் கேட்டேங்க" என்றான் பையன். "இந்த முகவரில இணைப்பே இல்லைன்னு பதில் வந்துச்சு. நீங்க அங்கயே வேலை பாக்கறீங்கன்னு இவங்க சொன்னாங்க. உங்களால கண்டுபிடிக்க முடிஞ்சா அட்டைய மாத்தி எழுதிடுவேன்."

"எழுதத்தான் போற" என்றார் இவர். "அடுத்த ஞாயித்துக்கிழமை காலைல வர்றேன்."

அடுத்த வாரம் பத்து மணிக்கே போய் நின்றோம். முதல் நாள் நல்ல மழை, தரையெல்லாம் ஈரம். இவர் இடுப்பில் சோதனை டெலிபோன், தோளில் கருவிப் பை. ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து உள்ளறையில் இடித்துக்கொண்டு நின்றார்கள். பதினோரு மணிக்கு அந்த டெலிபோன் முனகியது. மணி அடித்தது என்று சொல்ல முடியாது, தூக்கத்தில் யாரோ புலம்புகிற மாதிரி ஒரு சத்தம். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் இவர் ரிசீவரை எடுத்தார்.

நான் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வெற்றிச் சிரிப்பு ஒன்று வந்தது. அப்புறம் அது அப்படியே நின்றது. உதடு காய்ந்துபோய் நாக்கால் தடவிக்கொண்டார். நான் போய் ரிசீவரைக் கொஞ்சம் திருப்பி, இவர் காதோடு என் காதையும் ஒட்டி வைத்தேன். எங்கேயோ கிணற்றடியிலிருந்து வருகிற மாதிரி ஒரு பெண் குரல், வயசான குரல், பேசிக்கொண்டிருந்தது.

"...இப்பவும் யாரோ வந்துட்டாங்கடா. மூச்சு விடற சத்தம் கேக்குது. நான் பொய் சொல்லலடா."

அதைவிட மெல்லிசாக ஓர் ஆண் குரல் சொன்னது. "மாத்திரை ஒழுங்காப் போடறியாம்மா?"

இவர் ரிசீவரை என் கையில் விட்டுவிட்டார். திரும்பினால் இவர் அங்கே இல்லை. வெளியே ரோட்டோரக் கம்பத்தில், தேய்ந்த முட்டியோடு, ஏணி இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தார். மேலே பெட்டியைத் திறந்து தலையை உள்ளே விட்டவர் ரொம்ப நேரம் அசையவே இல்லை. பிறகு எதையோ வெட்டி, மிச்சத்தைத் திரும்ப முறுக்கிக் கட்டி, வெட்டினதைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

நேராக உள்ளே வந்தார். எல்லோர் முன்னாலும், "ஸ்பீக்கர்" என்றார். "சுத்தப் பித்தலாட்டம். கல்யாணம் கிடையாது."

பையன் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தான். "ஸ்பீக்கர் எங்க இருக்குங்க? காட்டுங்க, இப்பவே அட்டைல எழுதிடறேன்."

"எனக்குத் தெரியும். அது போதும்."

"எனக்கும் தெரிஞ்சா நல்லாருக்குமே" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

இவர் காரை நோக்கி நடந்தார். மகள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் டார்ச் பிடித்து வளர்ந்தவள். அப்பா ஒன்றைக் கண்டுபிடித்தால் காட்டாமல் நகரமாட்டார் என்று அவளுக்குத் தெரியாதா?

காரில் இவர் அந்த ஸ்பீக்கர் தந்திரத்தை ஒரு தடவைகூட விளக்கவில்லை. எனக்கு அதுதான் முதல் சந்தேகம். ஒரு தடவைகூட விளக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை, முட்டிக்குத் தைலம்கூடத் தேய்க்கவில்லை. இந்த மனுஷனோடு முப்பது வருஷம் இருந்து சந்தேகப்படக் கற்றுக்கொள்ளாமல் இருந்தால் நான் முட்டாள். இவர் குளிக்கப் போனதும் கருவிப் பையைக் கொட்டினேன்.

அரை அடி நீளத்துக்கு ஒரு துண்டு ஒயர் விழுந்தது. இரண்டு ஒயரை முறுக்கிச் சேர்த்த இடத்தில் சிவப்பு நூலால் மூன்று சுற்று சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. வெயிலில் நிறம் போன நூல். எங்கள் வீட்டு மிக்ஸி ஒயரில் அதே மூன்று சுற்று இருக்கிறது, அயர்ன் பாக்ஸில் இருக்கிறது, என் மூக்குக் கண்ணாடிக் காம்பில்கூட இருக்கிறது. டேப் பிரிந்துவிடும், நூல் பிரியாது என்று இவர் ஒருவர்தான் அப்படிக் கட்டுவார். மற்ற லைன்மேன்களெல்லாம் அதற்காக இவரைக் கேலி செய்வார்கள்.

மறுநாள் காலை, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும்போது, அந்த ஒயரை இவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்னங்க இது?"

மென்று முழுங்கினார். "பழைய ஒயர்."

"யார் கட்டினது?"

நான் பாலை இறக்கி வைத்து, துடைத்து, அடுப்பை அணைத்தேன். அப்புறம் சொன்னார். பதினொரு வருஷத்துக்கு முன்னால் தையல்காரம்மா இறந்ததும் அந்த இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அதே நாளில் பின்தெருவில் ஒரு வீட்டுக்குப் புது இணைப்பு கொடுக்க வேண்டும். பெட்டியில் வேறு காலி லைன் இல்லை. அதனால் தையல்காரம்மாவின் லைனையே எடுத்துப் புது வீட்டுக்குக் கட்டினார். ஒரு டெலிபோனுக்கு இரண்டு கம்பி வரும். பழைய வீட்டுப் பக்கம் போகிற இரண்டையும் வெட்ட வேண்டும். மழை கொட்டியது. லைன்மேன்கள் அவசரத்துக்கு ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள், ஒரு கம்பியை மட்டும் வெட்டினாலே டெலிபோன் செத்துவிடும். இவரும் ஒன்றை வெட்டினார், இன்னொன்றை நாளைக்கு வெட்டிக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டார். அந்த நாளை வரவே இல்லை. மிச்சக் கம்பி அப்படியே நின்றது. இடிக்காகத் தையல்காரம்மா வீட்டு மண்ணில் புதைத்த எர்த் கம்பி இரண்டாவது கம்பியின் வேலையைப் பார்த்தது. ஈரம் இருக்கும் நாளில் பின்தெரு வீட்டு டெலிபோன் அடித்தால் இங்கே முனகும், அங்கே பேசினால் இங்கே கேட்கும்.

"அப்ப அந்தக் குரல்?"

"பச்சை கேட் அம்மா" என்றார்.

பச்சை கேட் அம்மாவை எனக்குத் தெரியும். நேரில் அல்ல, இவர் சொன்ன கதையில். மூன்று வருஷமாகப் புகார் கொடுத்துக்கொண்டே இருக்கிற அம்மா. 'நான் மகன்கூடப் பேசும்போது யாரோ ஒட்டுக் கேக்கறாங்க, மூச்சு விடறாங்க, ஒரு தடவ சிரிச்சாங்க' என்று. இவர் அலுவலக நாளில், நல்ல வெயிலில், பதினான்கு தடவை போய்ச் சோதித்தார். காட்சியகம் பூட்டியிருக்கிற நாளில் யார் மூச்சு விடுவார்கள்? பதினான்கு தடவையும் 'பழுது இல்லை' என்று எழுதினார். கடைசியில் வெளியூரிலிருந்து வந்த அந்த மகனைத் தனியாகக் கூப்பிட்டு, "லைன்ல ஒண்ணும் இல்ல சார், அம்மாவ ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொன்னதும் இவர்தான். அன்று சாயங்காலம் அந்த அம்மாவைப் போலவே பேசிக் காட்டினார். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அதை நினைக்க இப்போது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அதுக்காக அந்தப் பையன் மேல பழியப் போட்டீங்களா?"

"ரிட்டையர் ஆக எட்டு மாசம்தான் இருக்கு" என்றார். "என் பேருக்கு ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. அதான் வெட்டிட்டேனே, இனிமே யாருக்கும் கேக்காது."

"மாத்திரை?" என்று ஒரு குரல் கேட்டது. மகள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது; டெலிபோனில் கேட்ட மாத்திரைப் பேச்சை முதல் நாள் ராத்திரியே அவளிடம் சொல்லியிருந்தேன். "அந்தம்மா திங்கற மாத்திரைய யாருப்பா வெட்டுவாங்க?"

இவர் அந்த ஒயரைத் தட்டுக்கு அடியில் தள்ளினார்.

"ஃப்ராடு வீட்டுக்குப் பொண்ணத் தர மாட்டேன்னீங்க. பொண்ணு எந்த வீட்லேர்ந்து போறான்னு நெனைச்சீங்களா? நீங்க போய் அந்தம்மாகிட்ட சொல்ற வரைக்கும் உங்ககூட எனக்குப் பேச்சு இல்ல. சொல்லலன்னா, உங்களக் கூப்பிடாமதான் கல்யாணம்."

சொன்னபடியே செய்தாள். பதிமூன்று நாள் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இவர் உப்பு கேட்டால் என்னிடம் நகர்த்துவாள், நான் இவரிடம் நகர்த்துவேன். காட்சியகத்துப் பையனிடம் அவளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் கோபப்படுவான் என்று பார்த்தேன். அன்றைக்கே டெலிபோனைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டானாம். "நானும்தாங்க டிக்கெட் போட்டு அவங்க பேச்ச வித்திருக்கேன். நானும் வரட்டுமா?" என்று என்னைக் கேட்டான். நீ பிறகு தனியாகப் போய்ச் சொல்லு, இது முதலில் எங்கள் வீட்டு வேலை என்றேன்.

இந்தப் பதிமூன்று நாளில் இவர் பாதியாக இளைத்துப்போனார். தராசைப் பார்க்கவில்லை. மீதிச் சில்லறையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, பாவப்படுவது எரிச்சலாகவும் இருந்தது. பதினான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, கம்பெனிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "வர்றியா?" என்று என்னைக் கேட்டார், மகளைப் பார்த்துக்கொண்டு. அவள் கார் சாவியை எடுத்தாள்.

பச்சை கேட் உண்மையில் பச்சையாக இல்லை, துருதான் இருந்தது. அந்த அம்மா ஒல்லியாக, முதுகு நிமிர்ந்து இருந்தார். இவரைப் பார்த்ததும், "நான் இப்பல்லாம் புகார் குடுக்கறதில்லையே?" என்றார். வீடு பெருக்கித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. டெலிபோனின் மேல் ஒரு பெரிய அலுமினியப் பாத்திரம் கவிழ்த்திருந்தது. மேசையில் மாத்திரைப் பெட்டி, காலை, மதியம், இரவு என்று அறை அறையாக.

இவர் நின்றுகொண்டே சொன்னார். கம்பி, மழை, காட்சியகம், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், எதையும் விடவில்லை. ஒயர்த் துண்டை எடுத்து அந்த அம்மா கையில் கொடுத்தார். அவர் அதை வாங்கி, நூல் முடிச்சைத் தடவிப் பார்த்து, மேசையில் வைத்தார்.

"என் பையன் அனுப்பினானா உங்கள?"

"இல்லம்மா."

"டாக்டர் அனுப்பினாரா? நான் ஆமான்னு சொல்றேனா இல்லைன்னு சொல்றேனான்னு பாக்கவா? போன மாசமும் ஒருத்தர் இப்படித்தான் நல்லவர் மாதிரி வந்து கேள்வி கேட்டார்."

நம்பாத ஒருவர் முன்னால் இப்படி நிற்க நேரும் என்று என் வீட்டுக்காரர் நினைத்தே பார்த்திருக்கமாட்டார். "ரெண்டு வாரம் முன்னால, ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு," என்றார், "இப்பவும் யாரோ வந்துட்டாங்கடா, மூச்சு விடற சத்தம் கேக்குது, நான் பொய் சொல்லலடான்னு சொன்னீங்க. அவர் மாத்திரை போடறியான்னு கேட்டார். அந்த மூச்சு என்னுதும்மா."

அந்த அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "ஒரு தடவ சிரிச்சது?"

"தெரியாதும்மா. பாக்க வந்தவங்கள்ல யாரோ."

"நான் ராத்திரியெல்லாம் முழிச்சு உக்காந்து, அந்தச் சிரிப்பு என் தலைக்குள்ளதான் கேட்டுச்சோன்னு யோசிச்சிருக்கேன்" என்றார் அவர். "பேரப் பிள்ளைங்களத் தனியா என்கிட்ட விடறதில்ல இப்போ. தெரியுமா உனக்கு?"

அதுவரை 'நீங்க' என்று பேசியவர் 'உனக்கு' என்று மாறிவிட்டார். அது நியாயம்தான் என்று எனக்குப் பட்டது. அழ வேண்டும்போல் இருந்தது, அழுவதற்கு எனக்கு என்ன உரிமை என்றும் இருந்தது.

பாத்திரத்துக்குள்ளிருந்து டெலிபோன் அடித்தது. மணி பதினொன்று. அந்த அம்மா பாத்திரத்தைத் தூக்கி வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தார். "நல்லாத்தான் இருக்கேன். போட்டேன். இரு, இங்க ஒருத்தர் வந்திருக்கார், பேசு" என்று இவரிடம் நீட்டினார்.

இவர் இரண்டு கையாலும் வாங்கினார். "சார், நான் டெலிபோன் கம்பெனி லைன்மேன். அன்னிக்கு அம்மாவ டாக்டர்கிட்ட காட்டச் சொன்னேனே, அதே ஆள்தான். லைன்ல பழுது இருந்துச்சு சார். பதினொரு வருஷமா இருந்துச்சு. தப்பு என்னுது. உங்க அம்மா சொன்னது அத்தனையும் நிஜம். அவங்களுக்கு ஒண்ணும் இல்ல சார். எப்பவுமே ஒண்ணும் இல்ல." அந்தப் பக்கம் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார், தன் பணியாளர் எண்ணையும் சொன்னார். பிறகு அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோய், ஓர் ஆண் அழுகிற சத்தம் எங்களுக்கே கேட்டது.

இவர் ரிசீவரைத் திருப்பிக் கொடுத்தார். அந்த அம்மா அதைக் காதில் வைக்கவில்லை, மேசையில் படுக்க வைத்தார்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார். "அவனுக்கில்ல, எனக்கு."

இவர் அந்த அம்மாவைப் பார்த்துத் திரும்பி நின்று வாயைத் திறந்தார். நின்று நின்று வலித்த முட்டியைக் குனிந்து பிடித்துக்கொண்டார். மகள் சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்துவந்து அவருக்குப் பின்னால் போட்டாள்.

"உக்காந்து சொல்லுங்கப்பா" என்றாள்.